பனியில் குனிந்த பூ: ஹெல்லெபோர் வளர்ப்பும் கவிதை நோக்கும்

(இலக்கிய வட்டத்தின் பத்தாம் ஆண்டு நிறைவையொட்டி ஆற்றப்பெற்ற உரையின் எழுத்து வடிவம்)



தமிழ்க் கவிதை மரபில் பூ என்பது சூடுவதற்கும் வருணிப்பதற்கும் உரிய பொருளாக மட்டும் இருந்ததில்லை. நிலத்தையும் அந்நிலத்து ஒழுக்கத்தையும் பூவின் பெயராலேயே சுட்டிய மரபு இது. ஒரு பூவைப் பாட்டில் வைக்கும் புலவர், அது எந்த நிலத்தில் எந்தப் பெரும்பொழுதில் மலர்வது என்பதை அறிந்தே வைத்தார். முதற்பொருள் பிழைத்தால் உரிப்பொருளும் பிழைக்கும் என்பது அவர்தம் கொள்கை. இக்கொள்கையைத் தமிழ்நிலத்துப் பூக்களோடு நிறுத்திக்கொள்ள வேண்டியதில்லை. மொழிபெயர்ப்புகளின் வழியே இன்று பல நாட்டுப் பூக்கள் தமிழ்ப் பக்கங்களுக்குள் வந்துகொண்டிருக்கின்றன. அவற்றுள் ஒன்று ஐரோப்பாவின் ஹெல்லெபோர். இது ஓரிடத்தில் 'கிறிஸ்துமஸ் ரோஜா' என்றும், ஓரிடத்தில் 'நச்சுப்பூ' என்றும், மற்றோரிடத்தில் 'கடுகுரோகிணி' என்றும் எழுதப்படக் கூடும். இம்மூன்றில் எது பொருந்தும், எது தீங்கு தரும் என்பதைத் தோட்டத்தில் இச்செடியைப் பேணுவோர் அறிந்துள்ள செய்திகளிலிருந்து தெளிவதே இவ்வுரையின் நோக்கம்.

செடியும் நிலமும்

ஹெல்லெபோர் ரனன்குலேசி என்னும் தாவரக் குடும்பத்தைச் சேர்ந்தது. இவ்வினத்தில் ஏறத்தாழ 20 வகைகள் உள்ளன. அவற்றுள் பெரும்பாலானவை பால்கன் தீபகற்பத்தின் மலைச் சரிவுகளிலும் காட்டோரங்களிலும் வளர்கின்றன. வெண்ணிறப் பூவுடைய நைகர் என்னும் வகை ஆல்ப்ஸ் மலைக்கு உரியது. ஓரியண்டாலிஸ் துருக்கியிலும் காக்கசஸ் பகுதியிலும் வளர்வது. ஃபீட்டிடஸ் மேற்கு ஐரோப்பாவின் காடுகளிலும், அர்குட்டிஃபோலியஸ் கார்சிகா, சார்டினியா தீவுகளிலும் காணப்படுகின்றன. இவற்றிலிருந்து வெகுதொலைவு விலகிச் சீனாவின் மலைக்காடுகளில் ஒரு வகை தனித்து நிற்கிறது. திபெட்டானஸ் எனப் பெயர்பெற்ற அதனை 1869இல் ஆர்மண்ட் டேவிட் என்னும் பிரெஞ்சுப் பாதிரியார் சேகரித்தார். ஆயினும் ஐரோப்பியத் தோட்டங்களுக்கு அது வந்து சேர ஒரு நூற்றாண்டுக்கு மேல் ஆயிற்று.

'நைகர்' என்றால் கருப்பு. பூவோ தூய வெண்மை. வேரின் நிறத்தைக் கொண்டு இடப்பட்ட பெயர் அது. மண்ணைத் தோண்டாமல் மேலிருந்து மட்டும் பார்ப்பவருக்கு இப்பெயர் முரணாகவே தோன்றும். 'கிறிஸ்துமஸ் ரோஜா' என்னும் வழக்குப் பெயரும் இத்தகையதே. இது ரோஜாக் குடும்பத்தைச் சேர்ந்ததன்று. கிறிஸ்துமஸ் நாளில் தவறாது மலரும் என்பதற்கும் உறுதியில்லை. மார்கழி முதல் மாசி வரை, குளிரின் கடுமைக்கேற்ப முன்பின்னாக அது மலரும். ஓரியண்டாலிஸ் வழிவந்த கலப்பினங்கள் அதற்குப் பின்னர்ப் பூப்பவை. கிறிஸ்தவர்கள் உயிர்த்தெழுதல் திருநாளுக்கு முன் நோன்பிருக்கும் லெந்து காலத்தில் மலர்வதால் அவற்றிற்கு 'லெந்து ரோஜா' என்று பெயர். தொல்காப்பியர் வகுத்த பெரும்பொழுதுகளில் வைத்துச் சொன்னால், முன்னது முன்பனிக்கும் பின்னது பின்பனிக்கும் உரிய பூக்கள் எனலாம். ஆனால் அங்குள்ள பனி, தமிழ்நாட்டு வைகறையில் புல்நுனியில் நிற்கும் பனி அன்று. மண்ணை இறுக்கி உறையச் செய்யும் பனி.

உறைபனி விழுந்த காலையில் இச்செடியின் பூந்தண்டுகள் தரையோடு தரையாகச் சாய்ந்து கிடக்கும். புதிதாக வளர்ப்பவர் செடி இறந்துபோயிற்று என்றே எண்ணுவர். வெயில் ஏறித் தட்பம் குறைந்ததும் தண்டுகள் மெல்ல நிமிர்ந்து பழைய நிலையை அடையும். பழகிய தோட்டக்காரர் அந்நேரத்தில் செடியைத் தொடுவதில்லை. நிமிர்த்திக் கட்டவும் முற்படுவதில்லை.

இதழ் அல்லாத இதழ்

இப்பூவில் கண்ணைக் கவரும் ஐந்து இதழ்களும் உண்மையில் அல்லியிதழ்கள் அல்ல. அவை புல்லியிதழ்கள். மற்றப் பூக்களில் மொட்டை மூடிக் காத்துவிட்டுப் பின்னே ஒதுங்கி நிற்கும் புல்லிவட்டம், இங்கு நிறமும் விரிவும் பெற்று முன்னே நிற்கிறது. அல்லியிதழ்களோ சுருங்கிச் சிறு குழல்களாகி, மகரந்தத் தாள்களைச் சூழ்ந்து வளையம்போல் நின்று தேனைச் சுரக்கின்றன.

இவ்வமைப்பின் பயன் பூவின் வாழ்நாளில் தெரிகிறது. அல்லியிதழ்கள் சில நாட்களில் உதிர்ந்துவிடும் இயல்பின. ஹெல்லெபோரின் புல்லியிதழ்களோ வாரக்கணக்கில், சில செடிகளில் மாதக்கணக்கில் நிற்கின்றன. மகரந்தம் உதிர்ந்து, தேன்குழல்கள் வீழ்ந்து, நடுவில் காய்கள் பருக்கத் தொடங்கிய பின்னும் அவை நீங்குவதில்லை. அப்போது அவற்றின் வெண்மையும் செம்மையும் மங்கிப் பசுமை ஏறுகிறது. நைகர் வகையை ஆராய்ந்தோர் இப்பசுமைக்கும் காய்க்கும் உள்ள தொடர்பைக் கண்டறிந்துள்ளனர். காய் வளரும் பூவில் இதழ்கள் முழுமையாகப் பச்சையம் பெறுகின்றன. சூலகத்தை நீக்கிவிட்டால் அம்மாற்றம் குறைவாகவே நிகழ்கிறது. பச்சையம் பெற்ற இதழ் இலைபோல் ஒளிச்சேர்க்கை செய்து, விதைக்கு உணவளிப்பதில் பங்கேற்கிறது. வண்டை அழைக்க நின்ற அழகு, பின்னர் விதையை வளர்க்கும் உழைப்பாக மாறுகிறது. 'வாடிய மலர்' என்று கவிஞர் எளிதாக எழுதிவிடும் நிலைக்கும் இந்நிலைக்கும் உள்ள வேறுபாடு எண்ணத்தக்கது.

மற்றொரு செய்தியும் உண்டு. ஸ்பெயின் நாட்டின் தென்கிழக்கு மலைகளில் ஃபீட்டிடஸ் வகையை நெடுங்காலம் ஆராய்ந்த கார்லோஸ் எரேரா என்பவரும் அவருடன் பணியாற்றிய மரியா போஸோ என்பவரும் 2010இல் ஓர் ஆய்வை வெளியிட்டனர். வண்டுகளின் வாய்வழியே தேனுக்குள் வந்துசேரும் ஈஸ்ட் என்னும் நுண்ணுயிர், தேனின் சர்க்கரையை உண்டு பெருகுகையில் வெப்பத்தை வெளியிடுகிறது. அதனால் குளிர்காலத்துப் பூவின் உட்புறம் வெளிக்காற்றைவிடச் சில பாகை வெம்மையாக இருக்கிறது. குனிந்து நிற்கும் பூவுக்குள் ஒரு சிறு கணப்பு எரிகிறது என்பது கற்பனையாகத் தோன்றும். அளவிட்டு அறியப்பட்ட உண்மை அது.

நிழல் என்பது யாது?

ஹெல்லெபோரை நிழல்தோட்டத்துச் செடி என்பர். நிழல் என்ற சொல்லை இங்கே சற்று நின்று நோக்க வேண்டும். ஆண்டு முழுவதும் இருளாக இருக்கும் சுவரோரம் இதற்கு ஏற்றதன்று. இலையுதிர் மரங்களின் அடிநிலமே இதற்கு உகந்தது. கோடையில் அம்மரங்கள் தழைத்து வெயிலை மறைக்கின்றன. குளிர்காலத்தில் இலையனைத்தும் உதிர்ந்து, வெறுங்கிளைகளினூடே ஒளி தரையை அடைகிறது. ஹெல்லெபோர் பூப்பதும் அக்காலத்திலேயே. மரம் ஒளியைப் பயன்கொள்ளாத மாதங்களில் இச்செடி அதனைப் பயன்கொள்கிறது. மரம் ஒளியைக் கைக்கொள்ளும் மாதங்களில் இது நிழலில் ஒதுங்கி இருக்கிறது. ஒரே நிலத்தை இரண்டு உயிர்கள் காலத்தால் பகிர்ந்துகொள்ளும் ஏற்பாடு இது. பழமரங்களின் அடியிலும், ஹேசல் போன்ற குறுமரங்களின் இடையிலும் தோட்டக்காரர்கள் இதனை நடுவதற்குக் காரணமும் இதுவே.

மண்ணைப் பொறுத்தவரை, ஈரம் காக்க வேண்டும். ஆனால் நீர் தேங்கலாகாது. வேர்கள் ஆழமாக இறங்குவதால் ஒன்று அல்லது ஒன்றரை அடி ஆழத்திற்கு மண்ணைக் கிளறி, நன்கு மக்கிய இலையுரமோ தொழுவுரமோ கலந்து நடுவர். சுண்ணாம்புச் சத்துள்ள மண்ணையும் இது ஏற்கும். நட்ட பின் அடிக்கடி இடம் மாற்றுவதை இச்செடி விரும்புவதில்லை. இடம் பொருந்திவிட்டால் லெந்து ரோஜா ஒரே இடத்தில் பல்லாண்டுகள் வாழும். இளவேனில் தொடக்கத்தில் ஒருமுறையும் கோடை முடிவில் ஒருமுறையும் உரமிட்டு, இலைமக்கால் மூடாக்கு இடுவது வழக்கம். மூடாக்கு தண்டின் அடியை மூடிவிடாமல் சற்று விலகியிருக்க வேண்டும். இல்லையேல் அடி அழுகும்.

கத்தியை எங்கே வைப்பது

பராமரிப்பில் மிகவும் கருத்தூன்ற வேண்டிய பணி இலை நீக்குதல். இங்கேதான் செடியின் வகையை அறியாதவர் பெருந்தவறு இழைக்க நேரும்.

லெந்து ரோஜாவின் இலைகளும் பூக்களும் மண்ணுக்குள் இருக்கும் மட்டநிலத் தண்டிலிருந்து தனித்தனியே எழுகின்றன. முந்தைய ஆண்டின் இலைகள் குளிர்காலத்தில் முதிர்ந்து தரையில் படியும். அவற்றில் பெரும்பாலும் கரும்புள்ளி நோய் இருக்கும். பூஞ்சையால் வரும் அந்நோய், பழைய இலையிலிருந்து புதிய மொட்டுக்குத் தாவும். எனவே மார்கழியில், மொட்டுகள் தலைகாட்டும் முன்னர், பழைய இலைகளை அடியோடு வெட்டி எடுத்துத் தோட்டத்திற்கு வெளியே அழிப்பர். எருக்குழியில் இடுவதில்லை. இலைகளை நீக்கியதும் செடி மொட்டையாக, வறுமையுற்றதுபோல் தோன்றும். சில வாரங்களில் வெற்று மண்ணிலிருந்து பூந்தண்டுகள் மட்டும் மேலெழும். இலைகளைத் தேடி வரும் சுண்டெலிகள் மொட்டுகளைக் கடித்துப்போடும் தொல்லையும் இதனால் குறைகிறது.

ஃபீட்டிடஸ், அர்குட்டிஃபோலியஸ் ஆகிய வகைகளின் அமைப்பு வேறு. இவற்றில் இலை தாங்கிய தண்டின் நுனியிலேயே அடுத்த ஆண்டின் பூங்கொத்து தோன்றுகிறது. குளிர்காலத்தில் அத்தண்டை வெட்டினால் பூவையே வெட்டியதாகும். பூத்து விதை முதிர்ந்த பின்னரே பழைய தண்டை அடியில் வெட்டிப் புதிய தண்டுகளுக்கு இடம் தர வேண்டும். இவ்வகைச் செடிகள் சில ஆண்டுகளே வாழ்பவை. ஆதலால் இவற்றின் விதைநாற்றுகளைக் காத்துவருவதே தோட்டத்தில் இவற்றைத் தொடரச் செய்யும் வழி.

ஒரே மாதம், ஒரே கத்தி, ஒரே பெயருடைய இரண்டு செடிகள். ஒன்றுக்கு அது மருத்துவம். மற்றொன்றுக்கு அது கொலை. வகையறியாத அன்பு போதுமானதன்று என்பதைத் தோட்டம் இவ்வாறு கற்பிக்கிறது.

எறும்பும் காத்திருப்பும்

வைகாசி, ஆனி மாதங்களில் காய்கள் வெடித்துக் கரிய விதைகள் மண்ணில் சிந்துகின்றன. ஒவ்வொரு விதையின் ஓரத்திலும் வெண்ணிறமான கொழுப்புச் சதை ஒன்று ஒட்டியிருக்கும். எறும்புகள் அதன்பொருட்டு விதையை இழுத்துச் செல்கின்றன. சதையை உண்டு விதையைப் புறத்தே எறிகின்றன. அவ்வாறு சென்ற விதை தாய்ச்செடிக்குச் சற்றுத் தொலைவில் முளைக்கும்.

விதையை உடனே விதைக்க வேண்டும். முதிர்ந்து விழும்போது அதனுள் இருக்கும் கரு முழுவளர்ச்சி அடைந்திருப்பதில்லை. கோடையின் வெம்மையில் அது வளர்ந்து, பின்னர்க் குளிரின் தூண்டலைப் பெற்று, குளிர்காலத்தில் முளைவிடும். உலர வைத்துச் சேமித்த விதை இவ்வொழுங்கு தவறுவதால் முளைக்க மேலும் ஓராண்டு எடுத்துக்கொள்வதும் உண்டு. முளைத்த நாற்று முதற்பூவைக் காட்ட இரண்டு, மூன்று ஆண்டுகள் ஆகும்.

அந்த முதற்பூ எந்நிறத்தில் இருக்கும் என்று முன்கூட்டி உறுதி சொல்ல இயலாது. கலப்பினங்களின் விதை தாயைப் போலவே செடியைத் தருவதில்லை. கருஞ்சிவப்பின் விதையில் மங்கிய இளஞ்சிவப்பு வரலாம். வெண்மையின் விதையில் செம்புள்ளி வரலாம். குறிப்பிட்ட ஒரு செடியையே பெருக்க வேண்டுமெனில் கோடை முடிவில் அதைத் தோண்டி, மட்டநிலத் தண்டைப் பிரித்து நடவேண்டும். பிரித்த துண்டுகள் தேறி மீண்டும் செழித்துப் பூக்கக் காலம் பிடிக்கும். திசு வளர்ப்பு முறையில் ஒரே மாதிரியான செடிகளை ஆயிரக்கணக்கில் உருவாக்க இன்று வழி ஏற்பட்டுள்ளது. ஆயினும் விதைவழிச் செடிகளைத் தேடுவோர் குறையவில்லை. ஒவ்வொரு நாற்றும் உலகில் முன்பு இல்லாத ஒன்று என்பதே அவர்களை ஈர்க்கிறது.

பேணியவர்கள்

இப்பூவின் பழங்கதைகளில் ஆடவர் பெயர்களே மிகுதி. கிரேக்கத் தொன்மத்தில் மெலாம்பஸ் என்பவன் பித்துற்ற அரசகுமாரிகளை ஹெல்லெபோரால் குணப்படுத்தினான். கொரிந்து வளைகுடாவை அடுத்த அண்டிகைரா நகரம் இம்மருந்துக்குப் புகழ்பெற்றிருந்தது. ஒருவனை 'அண்டிகைராவுக்குப் போ' என்றால் அவன் அறிவு திரிந்தவன் என்பது பொருள். கி.மு. 6ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கிர்ரா நகர முற்றுகையின்போது, நகருக்குச் செல்லும் நீரில் ஹெல்லெபோர் வேரைக் கலந்து காவலர்களை நோயுறச் செய்தவன் சோலன் என்று பௌசானியஸ் எழுதுகிறார். இவ்வேரைத் தோண்டுவோர் வாளால் வட்டம் வரைந்து, கிழக்கு நோக்கி வணங்கி, கழுகு அருகே வருகிறதா என்று பார்த்துத் தோண்டினர் என்னும் வழக்கத்தைத் தியோஃபிராஸ்டஸ் பதிவுசெய்துள்ளார். மனச்சோர்வைப் பற்றி ராபர்ட் பர்ட்டன் 1621இல் வெளியிட்ட பெருநூலின் பிற்பதிப்பில் முகப்புப் படத்திலேயே ஹெல்லெபோர் இடம்பெற்றது. இவை அனைத்திலும் பேசப்படுவது வேரே. பூவை எவரும் பெரிதாக நோக்கவில்லை.

20ஆம் நூற்றாண்டில் பூவை நோக்கியோருள் பெண்கள் முன்னிற்கின்றனர். இங்கிலாந்தின் சாமர்செட் பகுதியில் ஈஸ்ட் லாம்புரூக் மாளிகைத் தோட்டத்தை உருவாக்கிய மார்ஜரி ஃபிஷ், பலரும் பொருட்படுத்தாத நிழல்செடிகளைத் தேடிச் சேர்த்தார். மால்வர்ன் மலையை அடுத்து வாழ்ந்த ஹெலன் பாலார்டு, தெளிந்த நிறமும் செவ்விய வடிவமும் உடைய கலப்பினங்களைத் தலைமுறை தலைமுறையாகத் தேர்ந்தெடுத்து உருவாக்கினார். எலிசபெத் ஸ்ட்ராங்மன் 1971இல் மாண்டினிகிரோ மலைகளில் அடுக்கிதழ் கொண்ட இரண்டு காட்டுச் செடிகளைக் கண்டெடுத்தார். வர்ஜில் காவியத்துக் காதலரின் நினைவாக அவற்றிற்கு 'டைடோ' என்றும் 'இனியாஸ்' என்றும் பெயர் சூட்டினார். இன்று தோட்டங்களில் காணப்படும் அடுக்கு ஹெல்லெபோர்கள் பலவற்றின் பிறப்பில் அவ்விரு செடிகளுக்கும் பங்குண்டு. ஆடவர் இத்துறையில் இல்லை என்பதன்று கருத்து. போருக்கும் பித்துக்கும் பயன்பட்ட வேரின் கதை நூல்களில் நிலைபெற்ற அளவிற்கு, விதை விதைத்து மூன்றாண்டு காத்திருந்தோரின் கதை இலக்கியத்தில் இடம்பெறவில்லை என்பதே கருத்து.

இடம்பெற்ற ஒரு கதையும் உண்டு. சுவீடன் நாட்டு எழுத்தாளர் செல்மா லாகர்லாஃப் 1908இல் எழுதிய கிறிஸ்துமஸ் ரோஜாவின் கதை அது. காட்டில் கிறிஸ்துமஸ் இரவில் பூந்தோட்டம் தோன்றுகிறது என்று திருடன் மனைவி சொல்ல, மடத்துத் தலைவர் ஹான்ஸ் அதனைக் காணச் செல்கிறார். உடன்வந்த துறவி ஐயுற்றுக் கடுஞ்சொல் கூற, தோட்டம் மறைகிறது. இறந்துவிழும் தலைவரின் கைக்குள் இரண்டு கிழங்குகள் எஞ்சுகின்றன. ஐயுற்ற துறவியே அவற்றை நட்டு ஆண்டு முழுவதும் பேணுகிறார். இளவேனில் போகிறது. கோடை போகிறது. அவர் நம்பிக்கை இழந்த பின்னர், குளிரின் நடுவில் அவை பூக்கின்றன. அற்புதத்தைக் கண்டவர் ஒருவர். அதைப் பேணும் கடமை வாய்த்தவர் நம்பாத மற்றொருவர். இக்கதையின் ஆழம் அங்கேதான் உள்ளது.

நோயும் நீக்கமும்

பேணுதல் எப்போதும் காத்தல் ஆகாது. 1990களின் தொடக்கத்திலிருந்து ஹெல்லெபோர்களில் ஒரு கொடிய நோய் அறியப்பட்டுள்ளது. இலை நரம்புகளின் வழியே கருங்கோடுகள் ஓடும். தண்டும் பூவும் கறுத்துத் திருகிக் குறுகும். தோட்டக்காரர்கள் இதனைக் 'கருஞ்சாவு' என்கின்றனர். இதற்குக் காரணம் ஒரு வைரஸ் எனக் கருதப்படுகிறது. அசுவினிப் பூச்சிகள் அதனைப் பரப்புகின்றன என்பது பொதுவான ஐயம். மருந்து இல்லை. கரும்புள்ளிப் பூஞ்சையைப் போல நோயுற்ற இலையை மட்டும் கிள்ளி எறிந்து செடியைக் காப்பாற்ற இயலாது. செடி முழுவதையும் தோண்டி எரித்துவிட வேண்டும். பத்து, பதினைந்து ஆண்டு வளர்ந்த, வேறெங்கும் இல்லாத நிறமுடைய ஒரு செடியாயினும் விதிவிலக்கு இல்லை. இரக்கம் காட்டித் தயங்கினால் பக்கத்துச் செடிகள் பலியாகும்.

இங்கே இரண்டு கருமைகளையும் பிரித்தறியும் கண் வேண்டும். வட்டமான புள்ளி என்றால் இலையை நீக்கினால் போதும். நரம்பைத் தொடரும் கோடு என்றால் செடியையே இழக்க வேண்டும். பதற்றத்தில் புள்ளியைக் கோடாகக் கண்டவர் நல்ல செடியை அழிக்கிறார். ஆசையில் கோட்டைப் புள்ளியாகக் கண்டவர் தோட்டத்தையே இழக்கிறார்.

பெயரில் உள்ள நஞ்சு

இனி, தொடக்கத்தில் எழுப்பிய பெயர் வினாவுக்கு வரலாம். ஐரோப்பியர் தொகுத்த பழைய மருந்து நூல்களிலும் அவற்றை ஒட்டிய அகராதிகளிலும் கடுகுரோகிணி என்னும் தமிழ்ப் பெயருக்கு எதிரே கருப்பு ஹெல்லெபோர் என்று பொருள் எழுதப்பட்டதுண்டு. கசப்பும் கருநிற வேரும் அம்மயக்கத்திற்குக் காரணமாகலாம். கடுகுரோகிணி உண்மையில் இமயமலையின் உயர்ந்த பகுதிகளில் வளரும் பிக்ரோரைசா என்னும் செடி. அது வேறொரு குடும்பத்தைச் சேர்ந்தது. சித்த மருத்துவத்தில் அது மருந்துச் சரக்கு. ஹெல்லெபோரின் வேரிலோ இதயத்தைத் தாக்கும் நஞ்சு உள்ளது. அதன் சாறு பட்டால் தோல் எரியும். எனவே கையுறையின்றி அதனைக் கையாளுவதில்லை. 1789இல் வெளிவந்த தம் செல்போர்ன் நூலில் கில்பர்ட் ஒயிட், அவ்வூர்ப் பெண்கள் ஃபீட்டிடஸ் இலைப்பொடியைக் குழந்தைகளுக்குப் பூச்சி மருந்தாகக் கொடுத்ததைக் குறிப்பிட்டு, அது கடுமையான மருந்து என எச்சரித்துள்ளார். மேலும், கிரேக்கர் 'வெள்ளை ஹெல்லெபோர்' என்றது வெராட்ரம் என்னும் முற்றிலும் வேறான மற்றொரு நச்சுச்செடியை. ஒரே பெயருக்குள் இத்தனை செடிகள் மயங்கிக் கிடக்கின்றன.

ஒரு மொழிபெயர்ப்பாளர் ஹெல்லெபோரைக் கடுகுரோகிணி என்று எழுதினால், படிப்பவர் நஞ்சை மருந்தாகவும் மருந்தை நஞ்சாகவும் எண்ண இடமுண்டு. இது சொல்லழகு பற்றிய சிக்கல் அன்று. உயிர் பற்றிய சிக்கல். தமிழர்க்கு அறிமுகமான உறவுகளை இச்செடிக்குக் காட்ட வேண்டுமானால், அதன் குடும்பத்திலேயே உண்மையான உறவினர் இருவர் இருக்கின்றனர். ஒருவர் அடுக்களையில் இருக்கும் கருஞ்சீரகம். மற்றவர் கொடிய நஞ்சாகிய வச்சநாபி. மணமும் மரணமும் அக்குடும்பத்தின் இரு முனைகள். ஹெல்லெபோர் அவ்விரண்டுக்கும் இடையே வைத்து எண்ணத்தக்கது.

ஆகவே, ஒலிபெயர்த்து 'ஹெல்லெபோர்' என்றே எழுதி, பூக்கும் பொழுதையும் நிலத்தையும் கவிதைக்குள்ளேயே உணர்த்துவது தக்கது. கதையிலும் வழிபாட்டுச் சூழலிலும் 'கிறிஸ்துமஸ் ரோஜா', 'லெந்து ரோஜா' என்னும் வழக்குகள் பொருந்தும். 'நச்சுப்பூ' என்பது பொய்யன்று. ஆனால் அரைப்பங்கு மெய். கடுகுரோகிணி என்பதைக் கைவிட வேண்டும்.

குனிந்த முகம்

ஹெல்லெபோர் பூக்கள் இயல்பாகவே தரையை நோக்கிக் கவிழ்ந்தவை. மழையும் பனியும் மகரந்தத்தில் விழாமல் காக்கும் அமைப்பு அது. குளிர்காலத்தின் கடைசி நாட்களில் வெளிவரும் பெருவண்டுகள் கீழிருந்து உள்ளே நுழைகின்றன. நின்றபடி பார்க்கும் மனிதருக்கு மட்டும் அதன் முகம் தெரிவதில்லை. இதற்கு இரண்டு தீர்வுகள் காணப்பட்டன. ஒன்று, பூவை மாற்றுவது. அண்மைப் பத்தாண்டுகளில் முகம் நிமிர்ந்த செடிகளையே தேர்ந்து கலந்து பெருக்கியவர்கள் உண்டு. சந்தையில் அவற்றிற்கு வரவேற்பும் மிகுதி. மற்றொன்று, பார்ப்பவர் நிற்கும் இடத்தை மாற்றுவது. செடிகளைச் சரிவிலோ மேட்டிலோ நட்டுப் பாதையைக் கீழே அமைத்தால், நடப்பவர் நிமிர்ந்து நோக்கப் பூவின் முகம் தெரியும். அதுவும் இல்லாதவர் மண்டியிட்டு, ஒரு விரலால் முகத்தை மெல்ல உயர்த்திப் பார்க்கின்றனர்.

கவிஞர் முன்னும் இவ்விரு வழிகளும் உள்ளன. பொருளை வாசகரின் கண்மட்டத்திற்கு நிமிர்த்திக் கொடுப்பது ஒருவழி. வாசகரை வழிமாற்றிப் பள்ளத்தில் நடக்கச் செய்வது மற்றொரு வழி. நிமிர்ந்த பூ எளிதில் விரும்பப்படும், எளிதில் மழையில் நனையும். எதனைத் தேர்வது என்பது அவரவர் உரிமை. ஆயினும் பூ ஏன் குனிந்தது என்னும் காரணத்தை அறிந்த பின்னரே அதனை நிமிர்த்த முற்படுவது முறை.

நிறைவாக

இவ்வட்டம் பத்தாண்டுகளை நிறைவு செய்கிறது. பத்தாண்டு என்பது ஹெல்லெபோர் வளர்ப்பாருக்கு மூன்று தலைமுறை நாற்றுகளின் காலம். முதல் விதைப்பில் வந்த பூக்களுள் பெரும்பாலானவற்றை ஒதுக்கி, ஒன்றிரண்டை வைத்து, அவற்றின் விதையை மீண்டும் விதைத்து, மீண்டும் ஒதுக்கி வந்திருப்பர். இங்கே வாசிக்கப்பட்ட கவிதைகளுக்கும் அவ்வாறே நிகழ்ந்திருக்கும். ஒதுக்கப்பட்டவை வீண் என்று தோட்டக்காரர் கருதுவதில்லை. அவை இன்றித் தேர்வு இல்லை.

மொழிபெயர்ப்பில் ஒரு பூவைக் காணும்போது, அதன் நிலம் எது, பொழுது எது, வேரில் உள்ளது மருந்தா நஞ்சா என்று கேட்கும் வழக்கத்தை இவ்வட்டத்தின் கவிஞர்கள் கைக்கொள்வார்களாயின், பழந்தமிழ்ப் புலவர் வகுத்த நெறி தன் எல்லையை விரித்ததாகும். அடுத்த பத்தாண்டின் பணிகளுள் அதுவும் ஒன்றாக அமையட்டும்.